பருந்தின் இறகில் இருக்கும் பாதரசக் கணக்கு

கேட்டிருக்கும் கேள்வி இது: "கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, பாதரசம் கழுகு, பருந்து உடம்பிலெல்லாம் சேரும் என்று ஒருவர் சொன்னார். வானத்தில் பறக்கிற பறவைக்குள் பாதரசம் எப்படிப் போகும்? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதனால் அவை சாகுமா?"

எப்படிப் போகும் என்றால், இரையின் வழியாக. சாகுமா என்றால், சில நாடுகளில், சில காலங்களில் நிறையவே செத்திருக்கின்றன. மற்ற இடங்களில் சாகாமலே நலிந்திருக்கின்றன. இடையில் கேட்ட கேள்விக்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இந்த நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை உலகுக்குச் சொன்னது அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடந்த பழைய இறகுகள். அந்தக் கதை தெரிந்துவிட்டால் கொடைக்கானலைப் பற்றி எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தெர்மாமீட்டர் உடைந்தால் தரையில் வெள்ளி முத்தாக உருண்டு ஓடுமே, அந்த உலோகப் பாதரசத்தை ஒரு பறவை விழுங்கினால்கூட குடலில் அநேகமாக ஒட்டாது. எச்சத்தோடு வெளியே போய்விடும். அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து, அதுவும் மூடிய அறைக்குள் வேலை செய்கிற மனிதர்களுக்கு. பறவைகளைப் பிடிக்கிற பாதரசம் வேறு: மெத்தில் பாதரசம். பாதரசம் காற்றில் கலந்து மழையோடு இறங்கியோ, ஆலைக் கழிவோடு ஓடியோ ஏரிச் சேற்றுக்குப் போய்ச் சேர்கிறது. ஆக்சிஜன் இல்லாத அந்தக் கருஞ்சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதை 1960களின் கடைசியில் யென்சன், யெர்னலோவ் என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எந்த மரபணுக்கள் இந்த வேலையைச் செய்கின்றன என்பது 2013ல்தான் தெரிய வந்தது.

மாறிய பிறகு அதன் குணமே வேறாகிவிடும். சாப்பாட்டில் இருக்கும் மெத்தில் பாதரசம் ஏறக்குறைய முழுவதும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்விடுகிறது. புரதத்தில் இருக்கும் கந்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மூளைக்குள் போகிறது, முட்டைக்குள் போகிறது. வருவது சுலபம், வெளியேறுவது கஷ்டம். அதனால் பாசியைவிட நீர்ப்பூச்சியில் அதிகம், பூச்சியைவிடச் சிறுமீனில் அதிகம், சிறுமீனைவிட அதைத் தின்னும் பெருமீனில் அதிகம். தண்ணீரோடு ஒப்பிட்டால் பெருமீனின் சதையில் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் இருக்கலாம். அந்தப் பெருமீனைக் கால்நகத்தில் கவ்விக்கொண்டு போகிற பறவைதான் வரிசையின் கடைசி.

பறவைக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் இறகு.

மாஞ்சா நூல் இறக்கையை அறுத்து விழுந்த கரும்பருந்து ஒன்றைச் சில வாரம் பராமரிக்க உதவியிருக்கிறேன். அப்போதுதான் வளர்கிற இறகைப் பக்கத்தில் பார்த்தேன். நாம் கீழே கிடந்து எடுக்கிற இறகின் அடிக்காம்பு, பழைய தமிழில் முருந்து என்பார்களே அது, வெளுத்து, உள்ளே வெறுங்குழாயாக இருக்கும். வளர்கிற இறகில் அந்தக் குழாய் நீலமும் கறுப்புமாகத் தடித்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவும் ரத்தம். தெரியாமல் அதை ஒடித்துவிட்டால் குழாயைத் திறந்த மாதிரி ரத்தம் வரும். சில வாரங்களில் இறகு முழு நீளத்துக்கு வந்ததும் ரத்தக்குழாய் சுருங்கி அடைபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இறகுக்கும் பறவையின் உடம்புக்கும் எந்தப் போக்குவரத்தும் இல்லை.

அந்தச் சில வாரங்களில் ரத்தத்தில் ஓடிய மெத்தில் பாதரசம், இறகின் கெரட்டின் புரதத்தில் இருக்கும் கந்தகத்தோடு பிணைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. வெயிலில் காய்ந்தாலும் போகாது, கழுவினாலும் போகாது, நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் போகாது. சில பறவைகளில் உடம்பிலிருக்கும் மொத்தப் பாதரசத்தில் முக்கால் பங்குக்கு மேல் இறகில்தான் இருக்கிறது. இறகு உதிர்க்கும் பருவத்தில் முதலில் முளைக்கும் இறகில் அதிகமும், அடுத்தடுத்து முளைப்பவற்றில் குறைந்துகொண்டும் வருவதைக்கூட அளந்து பார்த்திருக்கிறார்கள். பறவை தன் உடம்பைக் காலிசெய்வது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

சரி, ஸ்வீடனுக்கு வருவோம்.

1950களில் அந்த நாட்டு வேட்டைக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வயலோரங்களில் புறாக்கள், ஃபெசன்ட் கோழிகள், கவுதாரிகள், தானியம் பொறுக்கும் மஞ்சள் நிறச் சிறு குருவிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. சில பறவைகள் பறக்க முடியாமல் தள்ளாடின. விதைப்புக் காலத்தில் இது கூடியது. ஸ்டாக்ஹோமில் இருந்த அரசு கால்நடை மருத்துவ ஆய்வு நிலையத்தில் கார்ல் போர்க் என்பவர் அந்த உடல்களை வாங்கி அறுத்துப் பார்த்தார். ஈரலிலும் சிறுநீரகத்திலும் பாதரசம். தானியம் தின்னும் பறவைகளில் மட்டுமல்ல, அவற்றைத் தின்னும் வல்லூறு, ஆந்தை, நரி ஆகியவற்றிலும் பாதரசம்.

காரணம் விதை நேர்த்தி. கோதுமையிலும் பார்லியிலும் விதை மூலம் பரவும் பூஞ்சை நோய்களைத் தடுக்க, விதைக்கும் முன் மருந்தில் புரட்டி எடுப்பார்கள். ஸ்வீடனில் 1940 வாக்கில் புழக்கத்துக்கு வந்த மருந்து பானோஜென். அதிலிருந்தது வேறெதுவும் அல்ல, மெத்தில் பாதரசமேதான். ஏரிச் சேற்றில் பாக்டீரியா மெதுவாகச் செய்கிற வேலையை இங்கே தொழிற்சாலையே செய்து, விதையின் மேல் பூசி, வயல் முழுக்கத் தூவிக் கொடுத்தது. நோய் இருக்கிறதா என்று பார்த்தா நேர்த்தி செய்தார்கள்? இல்லை, வழக்கமாகவே எல்லா விதைக்கும் செய்யும் நிலை வந்திருந்தது.

விதைக்கிற இயந்திரம் வரப்போரம் திரும்பும்போது கொஞ்சம் விதை சிந்தும். புறாக் கூட்டம் அங்கேதான் இறங்கும். ஒரு புறா ஒரே நேரத்தில் தொண்டைப்பை நிறைய விதையை அள்ளிப்போட்டுக்கொள்ளும். நஞ்சு ஏறிய புறா உடனே சாவதில்லை. முதலில் மந்தமாகிறது, கூட்டம் சடாரென்று எழும்பும்போது அது ஒரு நொடி தாமதிக்கிறது. காட்டோரத்தில் மறைந்திருக்கும் காஷாக் வல்லூறுக்கு அந்த ஒரு நொடி போதும். காஷாக் என்பது நம் ஊர் வைரியின் இனம்தான், ஆனால் உருவத்தில் மிகப் பெரியது. புறாவும் கோழி இனங்களும் அதன் முக்கிய இரை. நூறு புறாவில் பத்துப் புறாதான் நஞ்சேறியது என்று வைத்துக்கொண்டாலும், வல்லூறு பிடிப்பது பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒன்றைத்தான் இருக்கும். பலவீனமானதைத் தேர்ந்து அடிப்பது அதன் வாழ்நாள் பழக்கம். லட்சக்கணக்கான வருடங்களாக அதைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே நஞ்சைத் தேடிப் பொறுக்க வைத்தது. இந்த விஷயத்தில் என் மனதை மிகவும் வருத்துவது இதுதான்.

போர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதனையிலும் காட்டினார்கள். மெத்தில் பாதரசத்தில் நேர்த்தி செய்த கோதுமையைக் கோழிகளுக்குப் போட்டு, அந்தக் கோழிக் கறியைக் காஷாக்குகளுக்குக் கொடுத்தார்கள். காஷாக்குகள் இரை எடுக்க மறுத்தன, மெலிந்தன, தசை வலுவிழந்து நிற்கத் தடுமாறின. ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் செத்துப்போயின. மூளையிலும் நரம்பிலும் சிதைவு தெரிந்தது. அந்த ஆய்வு 1970ல் வெளியானது.

ஆனால் அதற்கு முன்பே பெரிய வாக்குவாதம் ஒன்று இருந்தது. பாதரசம் மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே இருக்கிறது. நிலக்கரி எரிந்தால் வருகிறது. காகிதக் கூழ் ஆலைகளும் குளோரின் ஆலைகளும் அதைப் பயன்படுத்தின. செத்த பறவையில் இருப்பது விதையிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? எப்போதுமே இவ்வளவு இருந்திருக்கலாமே?

இதற்குப் பதில் சொல்லத்தான் இறகுகளைத் தேடிப் போனார்கள். விலங்கியலாளர் ஆல்ஃப் யோனெல்ஸும் வேதியியலாளர் வெஸ்டர்மார்க்கும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அருங்காட்சியகங்களில் பாடம் பண்ணி வைத்திருந்த பறவைகளிலிருந்து இறகுத் துணுக்குகளை எடுத்தார்கள். ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்: எந்த ஊர், எந்த வருடம், எந்த மாதம். 1860களில் சுட்ட பறவை முதல் 1960களில் செத்த பறவை வரை நூறு வருடம் வரிசையாக இருந்தது. துணுக்குகளை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினார்கள். பாதரச அணு நியூட்ரானை வாங்கிக்கொண்டு சில நாட்களுக்குக் கதிரியக்கம் உடையதாகும். அது வெளியிடும் காமா கதிரை எண்ணினால் எவ்வளவு பாதரசம் என்று தெரிந்துவிடும். அரிய மாதிரிகளை வீணாக்காமல் துளி இறகிலேயே அளக்க அந்தக் காலத்தில் இதைவிட நல்ல முறை இல்லை. முடிவை 1966ல் வெளியிட்டார்கள்.

காஷாக்கின் இறகில் 1860களிலிருந்து 1940 வாக்கு வரை பாதரசம் கிட்டத்தட்ட ஒரே அளவு: கிலோவுக்குச் சராசரி 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ரயில் வந்தது, நிலக்கரி வந்தது, ஒரு உலகப்போர் வந்து போனது. காட்டில் புறா பிடித்துத் தின்கிற இந்தப் பறவையின் இறகில் அசைவே இல்லை. பிறகு 1940களில் திடீரென்று செங்குத்தாக ஏறி, 30 மில்லிகிராமை நெருங்குகிறது. பத்து மடங்குக்கும் மேல். பானோஜென் வந்த காலமும் இறகு ஏறிய காலமும் ஒன்றின் மேல் ஒன்று வைத்த மாதிரி பொருந்தின.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட அது நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் மீன் தின்னும் பறவைகளின் இறகையும் எடுத்தார்கள். ஒன்று கொண்டை முக்குளிப்பான். இன்னொன்று நாம் விராலடிப்பான் என்று சொல்லும் பறவை. மேலிருந்து பாய்ந்து, கால்களை நீட்டித் தண்ணீருக்குள் அறைந்து மீனைத் தூக்குமே, அது. இவற்றின் கோடு வேறு மாதிரி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்தே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்திருந்தது. 1940ல் திடீர்ப் பாய்ச்சல் எதுவும் இல்லை. மீன் தின்னும் பறவைக்கும் விதைக் கோதுமைக்கும் சம்பந்தமில்லை. ஆலைக்கும் நிலக்கரிக்கும் காகிதக் கூழுக்கும் சம்பந்தம் உண்டு. ஆக ஒரே நாட்டில், ஒரே காலத்தில், பாதரசம் இரண்டு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. நிலத்து வாய்க்காலைக் காஷாக் காட்டியது, நீர் வாய்க்காலை விராலடிப்பான் காட்டியது. எந்தப் பறவையில் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அந்தப் பறவை எதைத் தின்கிறது என்று கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விராலடிப்பான் இன்னொரு உதவியும் செய்தது. ஸ்வீடனில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு ஆப்பிரிக்கா போய்விடும். இறகு மாற்றுவதை இரண்டு இடத்திலும் செய்கிறது. அதனால் ஒரே பறவையின் ஒரே இறக்கையில், ஸ்வீடன் ஏரி மீனால் வளர்ந்த இறகும் ஆப்பிரிக்க நீர்நிலை மீனால் வளர்ந்த இறகும் அடுத்தடுத்து இருக்கும். அளந்து பார்த்தால், ஸ்வீடனில் வளர்ந்த இறகில்தான் பாதரசம் அதிகம். இரண்டு நாடுகளையும் ஒப்பிட இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்குமா? அதே பறவை, அதே வயது, அதே உடம்பு. மாறியது சாப்பிட்ட மீன் மட்டும்தான்.

இதே சமயத்தில் குன்னல் வெஸ்தோ என்ற பெண் வேதியியலாளர் மீனிலும் முட்டையிலும் இருக்கும் பாதரசத்தைப் பிரித்துப் பார்த்து, மீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம்தான் என்று காட்டினார். ஸ்வீடன் கடைகளில் விற்ற கோழி முட்டையில் மற்ற ஐரோப்பிய நாடுகளின் முட்டையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பாதரசம் இருந்தது. நேர்த்தி செய்த விதையில் மிஞ்சியது கோழித் தீவனமாகப் போயிருக்கிறது. பறவைகளின் பிரச்சினையாக இருந்தது அன்றைக்குக் காலைச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அரசு வேகமாக நகர்ந்தது என்பது என் கணிப்பு. 1966 பிப்ரவரி 1 முதல் மெத்தில், எத்தில் வகைப் பாதரச விதை மருந்துகள் ஸ்வீடனில் தடை செய்யப்பட்டன.

தடைக்குப் பிறகு சில வருடங்களிலேயே காஷாக்கின் இறகில் பாதரசம் இறங்கியது. முட்டையிலும் இறங்கியது. வயலில் தூவுவதை நிறுத்தினால் அடுத்த விதைப்பில் புறாவுக்கு நஞ்சு இல்லை. அவ்வளவு நேரான தொடர்பு. நீர்ப் பக்கம் அப்படி நடக்கவில்லை. ஏரிச் சேற்றில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தது அங்கேயே இருக்கிறது, பாக்டீரியா தன் வேலையை நிறுத்துவதில்லை, காற்றோடு புதிதாகவும் வந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கும் ஸ்வீடனில் கர்ப்பிணிகள் ஏரியில் பிடிக்கும் பைக் போன்ற வேட்டை மீன்களை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்றுதான் அறிவுரை.

இதே வகை விதை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இதே கதைதான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபெசன்ட், கவுதாரி உடம்பில் பாதரசம் ஏறியிருந்ததால் 1969ல் அவற்றின் வேட்டைப் பருவத்தையே மூடினார்கள். 1971ல் ஈராக்கில் நடந்தது இன்னும் கொடுமை. வறட்சிக்குப் பிறகு விதைப்பதற்காக இறக்குமதியான கோதுமையும் பார்லியும் பல கிராமங்களுக்கு விதைப்புக் காலம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தன. மூட்டையில் எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நஞ்சு என்பதற்கு அடையாளமாகச் சேர்த்திருந்த சாயம் தண்ணீரில் கழுவியதும் போய்விட்டது. சாயம் போனால் விஷமும் போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டும் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர். ஸ்வீடன் வயல்களில் புறா தள்ளாடிய அதே தள்ளாட்டம்.

ஜப்பானின் மினமாட்டாவும் இந்த வரிசையில்தான் வரும், அங்கே வழி கடல். ஒரு ரசாயன ஆலையின் கழிவு வளைகுடாவில் கலந்தது. 1956ல் மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாவதற்கு முன்பே மீனவக் குப்பங்களில் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று விழுந்தன, காகங்கள் வானத்திலிருந்து விழுந்தன. பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2013ல் உருவான உலகப் பாதரச ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தியா 2018ல் அதை ஏற்றுக்கொண்டது.

அப்புறம், இறகை அளப்பதில் உள்ள கண்ணிகளைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். பழைய அருங்காட்சியகங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு, அதாவது பாதரச உப்பையே, தோலில் தடவியிருப்பார்கள். அப்படிப்பட்ட இறகை அப்படியே அளந்தால் 1880ல் பறவைகள் பாதரசத்தில் குளித்தன என்று முடிவு வரும். அதனால் இப்போது பழைய இறகுகளில் பெரும்பாலும் மொத்தப் பாதரசத்தை அளப்பதில்லை, மெத்தில் பாதரசத்தை மட்டும் பிரித்து அளக்கிறார்கள். தடவிய உப்பு அந்தக் கணக்கில் வராது. ரத்தம் வழியாக வந்தது மட்டும்தான் வரும்.

ஈரலை அளப்பதிலும் சிக்கல் உண்டு. மீன் தின்னும் பறவைகள் பல, ஈரலில் மெத்தில் பாதரசத்தை உடைத்து, செலினியத்தோடு சேர்த்து, ஏறக்குறைய செயலற்ற துகளாகப் பூட்டி வைக்கின்றன. ஈரலில் எண் பெரிதாக இருக்கும், பறவை நன்றாகப் பறந்துகொண்டிருக்கும். நிலத்து வேட்டைப் பறவைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இவ்வளவு கைகூடவில்லை என்பது பொதுவான கருத்து. காஷாக்கைக் கொன்ற அளவை வைத்து விராலடிப்பானுக்கு நாள் குறிக்க முடியாது. இறகில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று ஒரு பழைய அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது; அதைத் தாண்டியும் நல்லபடியாகக் குஞ்சு வளர்க்கும் விராலடிப்பான்களைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அந்த எண்ணை விசாரணையைத் தொடங்குவதற்கான எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாகாத அளவில் என்ன நடக்கிறது? முட்டைக்குள் போகும் மெத்தில் பாதரசம் கருவைப் பாதிக்கிறது. முட்டை பொரியாமல் போவது கூடுகிறது. கார்ல் போர்க்கின் குழுவினர் ஃபெசன்ட் கோழிகளில் இதைப் பார்த்தார்கள். வேட்டைப் பறவைக்குக் கண்ணும் தசையும் நரம்பும் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். நரம்பு கொஞ்சம் மந்தமானால் பாய்ச்சல் தவறும், தவறினால் அன்றைக்குப் பட்டினி. செத்துக் கிடக்கும் பறவையில் நமக்குத் தெரிவது மெலிவு மட்டும்தான்.

இதோடு இரண்டு விஷயங்களைப் பலர் கலந்துவிடுகிறார்கள். வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்தது டிடிடி பூச்சிக்கொல்லியால். அது பாதரசம் நடந்த அதே காலத்தில் நடந்ததால், பால்டிக் கடலோரத்து வெண்வால் கழுகு போன்றவை இரண்டையும் சேர்த்தே சுமந்தன. நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூண்டோடு குறைந்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்தால். 2006ல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இரண்டிலும் பாதரசத்துக்குப் பங்கில்லை.

நம் ஊருக்கு வருவோம். பாதரச விதை மருந்து நமக்கு அந்நியமில்லை. கரும்பு நடுவதற்கு முன் கரணையை எமிசான் கரைசலில் முக்கி எடுத்ததை விவசாயக் குடும்பங்களில் பெரியவர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். அது மெத்தாக்ஸி எத்தில் பாதரசக் குளோரைடு. ஸ்வீடன் 1966ல் மெத்தில் பாதரசத்தைத் தடை செய்தபோது அதற்குப் பதிலாகக் கொண்டுவந்ததும் இந்த மெத்தாக்ஸி எத்தில் வகைதான். உடம்பில் சீக்கிரம் உடைந்து வெளியேறிவிடும் என்பதால் அதைவிடச் சாதுவானது. அதற்காகப் பாதரசம் இல்லாமல் போய்விடாது. இந்தியாவில் கடைசியில் உருளைக்கிழங்குக்கும் கரும்புக்கும் மட்டும் அனுமதித்திருந்தார்கள். 2018ல் அதையும் முழுக்கத் தடை செய்தார்கள். கரணை மண்ணுக்குள் போவதால் புறா அதைப் பொறுக்கப் போவதில்லை. அந்த வகையில் ஸ்வீடன் நிலத்தில் நடந்தது நம் கரும்பு வயலில் நடக்க வழி இல்லை. ஆனால் கரைசலை ஊற்றிய இடம், கழுவிய வாய்க்கால், அது போய்ச் சேர்ந்த குளம் என்று பார்த்தால் நீர் வழி திறந்துதான் இருந்தது.

கொடைக்கானலிலும் யோசிக்க வேண்டியது நீர் வழியைத்தான். அந்த ஆலை 1983ல் அமெரிக்காவிலிருந்து இடம் மாறி வந்தது, 2001ல் மூடப்பட்டது. அங்கே சிந்தியதும் புதைத்ததும் உலோகப் பாதரசமும் பாதரசம் ஒட்டிய கண்ணாடியும். அது ஆவியாகவும் தூசியாகவும் மழைநீரோடும் பரவியது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன ஏரிச் சேறு, பாக்டீரியா, மீன் எல்லாமே அங்கே இருக்கின்றன. அதனால் "கொடைக்கானலில் பருந்துக்குப் பாதரசம் ஏறியிருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த ஏரி மீனையும் அங்கிருந்து இறங்கும் ஓடைகளின் மீனையும் தின்று அங்கேயே வாழ்கிற பறவை எது என்று முதலில் பார்க்க வேண்டும். புறாவும் எலியும் ஓணானும் பிடிக்கிற வைரியை அளந்து ஏரியைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

குளிர்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கு விராலடிப்பான் வரும். பட்ட மரத்தில் உட்கார்ந்து, ஒரு காலால் மீனை அழுத்திக்கொண்டு தலையிலிருந்து கிழித்துத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பறவை மறக்காது. அதன் கீழே ஓர் இறகு விழுந்து கிடந்தாலும், அது வடக்கே எங்கோ வளர்ந்த இறகா இங்கே வளர்ந்த இறகா என்று தெரியாமல் அளந்தால் யாருடைய ஏரிக்கு யார் பழி ஏற்பது என்ற குழப்பம்தான் மிஞ்சும். ஓர் ஊரின் நிலையை அறிய மிக நல்லது குஞ்சின் இறகு. கூட்டைவிட்டு இன்னும் பறக்காத குஞ்சுக்குத் தாயும் தந்தையும் சில கிலோமீட்டருக்குள் பிடித்த இரையைத்தான் ஊட்டியிருக்கும். அந்த இறகு முழுவதும் அந்த ஊர்த் தண்ணீரின் கணக்கு. குஞ்சுக்கு வலிக்காமல் முதுகிலிருந்து இரண்டு மூன்று சிற்றிறகு கத்தரித்தால் போதும்.

அதை நீங்களோ நானோ போய்ச் செய்ய முடியாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைத் தொடவே வனத்துறையின் அனுமதி வேண்டும். நம்மால் ஆகக்கூடியது வேறு. செத்துக் கிடக்கும் பருந்தையோ மீன் தின்னும் வேறு பறவையையோ கண்டால் கையால் தொடாமல், நாளும் இடமும் தெரியப் படம் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடலைக் குழிதோண்டிப் புதைப்பதற்கு முன் இறகையும் ஈரலையும் எடுத்து வைப்பார்களா என்று கேளுங்கள். ஸ்வீடனில் நூறு வருடக் கோட்டை வரைய முடிந்ததற்குக் காரணம், 1860களில் யாரோ ஒருவர் ஒரு பறவையின் காலில் ஊரையும் தேதியையும் எழுதிச் சீட்டுக் கட்டியதுதான்.